இத்தாலி தந்த இன்தமிழ் முனிவர்

முன்னுரை

உலகம் சுருங்கிவிட்டது என்று இன்று எல்லாரும் கூறுகின்றனர். ஆம்! துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் நம் தந்தையரையும் தமையன்மாரையும் கைப்பேசியில் கண்ணெதிரே காண்கிறோம். அயல்நாட்டுப் பொருள்கள் நம் கடைவீதியிலேயே கிடைக்கின்றன. சமூக அறிவியல் பாடத்தில் இதனை உலகமயமாதல் என்று படிக்கிறோம். ஆயினும், பொருள் வந்து சேர்ந்துவிட்டால் மனிதர்களும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியுமா? தொலைதூரத்து மக்கள் உண்மையாகவே உறவினர் ஆவது எப்போது?

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் சென்று, அங்கிருந்து இன்னும் சற்றுத் தொலைவு போனால், முகாசா பரூருக்கு அருகே கோணான்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. பெரியநாயகி அன்னையின் திருத்தலம் அங்கேதான் இருக்கிறது. தை மாதத் திருவிழாவுக்கு நம் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே செல்கின்றன. அத்தலத்தோடு என்றும் பிரியாமல் இணைந்த பெயர் வீரமாமுனிவர் என்பது. இத்தாலி நாட்டில் பிறந்து, முப்பதாம் வயதில் இந்நாட்டுக்கு வந்து, பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே தமிழுக்கு வாழ்ந்து மறைந்தவர் அவர். அப்பெரியாரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் வழியே வந்த உறவு

முனிவர் வருவதற்கு முன்பே உலகம் நம் கரைக்கு வந்துவிட்டது. நம் ஊர் அணைக்கட்டைக் கடந்து ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. புதிய துறைமுகம் என்னும் பொருளில் போர்த்துகீசியர் அவ்வூரைப் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர். பின்னர் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அங்கே வணிகம் நடத்தினர். அவர்களை ஈர்த்தது எது? நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணியே! சோழமண்டலக் கரையின் துணி கிழக்கே பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள மணிலா வரை சென்றது. அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் ஏறிப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவுக்கும் போயிற்று.

துணி வெளியே போயிற்று. சொற்கள் உள்ளே வந்தன. சாவி, சன்னல், அலமாரி, மேசை, கோப்பை, பீப்பாய், ஏலம், பாதிரி ஆகிய சொற்களெல்லாம் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. விருத்தாசலம் என்றதும் நம் நினைவுக்கு வரும் பீங்கான் என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே. நாள்தோறும் நாம் பேசும் பேச்சில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது அன்றோ!

ஆனால் வணிகனுக்கு விலை பேசும் அளவு மொழி தெரிந்தால் போதும். மீதியைத் துபாஷிகள் பார்த்துக்கொண்டனர். கப்பலில் சரக்கோடு பீரங்கியும் வந்தது. நாளடைவில் நாடு பிடிக்கும் ஆசையும் வந்தது. வந்தவர்கள் துணியை அறிந்தனர். துணியை நெய்தவரை அறியவில்லை. அறிய வேண்டும் என்று வந்தவர் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் நிற்பவர் நம் முனிவர்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மாந்துவா நகருக்கு அருகில் காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. அங்கே 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் நம் முனிவர் பிறந்தார். அவருடைய இயற்பெயர் கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி என்பதாகும்.

அவ்வூருக்கு வேறு பெருமைகளும் உண்டு. இளைஞரின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் அங்கேதான். மேலும், 1859இல் அருகிலுள்ள சொல்பெரினோவில் பெரும்போர் நடந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் நண்பர் என்றும் பகைவர் என்றும் பாராமல் காயமுற்ற வீரர் எல்லாருக்கும் தொண்டு செய்தனர். அதைக் கண்டு நெஞ்சுருகிய ஹென்றி டூனாண்ட் என்பவரின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னத்தை அணிந்திருக்கும் மாணவியர், அதன் வேர் நம் முனிவரின் ஊரில் இருப்பதை அறிந்தால் மகிழ்வர்.

பெஸ்கி 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். கல்வியில் சிறந்து விளங்கினார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் மதுரை மறைப்பணித் தளத்திலிருந்து வந்த மடல்கள் ஐரோப்பிய இளைஞர் பலரின் உள்ளத்தைத் தொட்டன. 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தித் துறவியாக வாழ்ந்த தத்துவ போதகரின் புகழ் அங்கே பரவியிருந்தது. 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியாக உயிர்நீத்த புனித அருளானந்தரின் செய்தியும் பரவியிருந்தது. அங்கே போனால் என்ன நேரும் என்று தெரிந்தே பெஸ்கி இந்தியாவைக் கேட்டுப் பெற்றார்.

கடற்பயணம்

இன்று இத்தாலியிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் வந்துவிடலாம். அன்று அவ்வாறில்லை. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே லிஸ்பன் நகரிலிருந்து புறப்படும் பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதையும் சுற்றி, நன்னம்பிக்கை முனையைக் கடந்து வரவேண்டும். இளவேனிற் காலத்தில் புறப்பட்டால், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு மழைக்காலத்தின் முடிவில் கோவாவை அடையலாம். ஆறு மாதம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். வழியிலேயே நோயால் இறந்தவர் பலர்.

மடலின் கதையும் அதுவே. கோவாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் குளிர்காலத்தில்தான் புறப்படும். எனவே ஒரு மடல் எழுதி அதற்கு மறுமொழி பெற ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. மகன் நலமா என்று தாய் கேட்ட கேள்வி, ஆண்டு கழிந்துதான் மகனை வந்து சேரும். அயல்நாட்டில் உழைப்பவர்கள் உள்ள வீடுகளில், ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் அன்னையர் எவ்வளவு கலங்குகின்றனர் என்பதை நாம் அறிவோம். அதை எண்ணிப் பார்த்தால் முனிவர் விட்டு வந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

1710இல் பெஸ்கி கோவாவுக்கு வந்தார். 1711இல் தமிழ்நாட்டில் கால் வைத்தார். அதன் பின் அவர் இத்தாலியைப் பார்க்கவே இல்லை.

மாணவராகிய குரு

போதிக்க வந்தவர் முதலில் என்ன செய்தார்? பாடம் கேட்க உட்கார்ந்தார்! முப்பது வயதில், லத்தீனும் கிரேக்கமும் கற்ற அறிஞர், அ, ஆ என்று தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழ் கற்றார் என்பர். தொல்காப்பியம், நன்னூல், திருக்குறள், சீவக சிந்தாமணி, கம்பராமாயணம் என்று ஒவ்வொன்றாகப் பயின்றார். பேசுவதற்கு வேண்டிய அளவோடு நிறுத்திவிடவில்லை. தமிழர் எதை எண்ணி அழுகின்றனர், எதைக் கேட்டு மகிழ்கின்றனர் என்பதை அவர்களுடைய இலக்கியத்தின் வாயிலாக அறிய விரும்பினார்.

தோற்றத்தையும் மாற்றிக்கொண்டார். காவி அங்கி அணிந்தார். தமிழ்நாட்டுத் துறவியின் நடையுடை பாவனைகளை மேற்கொண்டார். தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னர்த் தமிழறிஞர் அவரை வீரமாமுனிவர் என்று போற்றினர். கான்ஸ்டான்சோ என்னும் பெயருக்கு உறுதியுடையவர் என்பது பொருள். ஆகவே இத்தாலியில் இட்ட பெயரே தமிழில் பூத்தது எனலாம்.

அவருடைய வாழ்க்கை மலர்ப் படுக்கையாக இருக்கவில்லை. வந்த சில ஆண்டுகளுக்குள் எதிர்ப்பாளரால் சிறைப்பட்டு, மரண தண்டனையின் வாயில் வரை சென்று மீண்டார். அதற்குப் பின்பும் அவர் ஊரை விட்டு ஓடவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியைத் தம் பணியின் இருப்பிடமாக்கி, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே அடைக்கல அன்னையின் புகழைக் கலம்பகமாகப் பாடினார்.

கோணான்குப்பத்து அன்னை

இனி நம் பகுதிக்கு வருவோம். கோணான்குப்பத்தைப் பற்றி வழிவழியாக வரும் செய்தி ஒன்று உண்டு. முகாசா பரூரை ஆண்ட கச்சிராயர் என்பவர் பிள்ளைப் பேறின்றி வருந்தினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். முனிவர் வைத்திருந்த அன்னையின் சுரூபம் அங்குள்ள காட்டில் தவறிப்போக, அது கச்சிராயருக்குக் கிடைத்தது. கனவில் தோன்றிய அன்னை கேட்டபடி அவர் ஒரு சிறு கோவில் கட்டினார். அவருக்குக் குழந்தையும் பிறந்தது. பின்னர் அவ்வழியே வந்த முனிவர் இதைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்து, அங்கே ஆலயம் எழுப்பினார்.

அவ்வாலயத்துக்காக அவர் செய்த செயல்தான் நம் சிந்தனைக்கு உரியது. அன்னை மரியாளைத் தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்திக் காட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார். மயிலை ஆயரின் உதவியோடு, அதற்கான வடிவத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பது மரபு. எண்ணிப் பாருங்கள்! கதையின் அன்னை யூத நாட்டைச் சேர்ந்தவர். எண்ணியவர் இத்தாலியர். உடை தமிழ்நாட்டுடையது. செதுக்கிய கை மணிலாவில். நம் துணி எந்தக் கடல் வழியே கிழக்கே போயிற்றோ, அந்தக் கடல் வழியே அன்னை நம்மிடம் வந்தார்.

பெயரையும் பாருங்கள். விருத்தாசலம் பழமலைநாதர் கோவிலில் அம்மனின் திருப்பெயர் பெரியநாயகி. இவ்வட்டாரத்து மக்கள் நாவில் பழகிய பெயர் அது. அதே பெயரால்தான் கோணான்குப்பத்து அன்னையும் அழைக்கப்படுகிறார். அன்னியமான ஒரு பெயரை மக்கள் மேல் சுமத்தாமல், அவர்கள் அன்போடு அழைக்கும் சொல்லாலேயே அன்னையை அழைத்தது எவ்வளவு நுட்பமான செயல்! இன்றும் அத்திருவிழாவுக்குப் பல சமயத்தாரும் வருகின்றனர் என்றால் அதில் வியப்பில்லை.

தேம்பாவணி

முனிவர் இயற்றிய காப்பியம் தேம்பாவணி. 1726இல் நிறைவுற்றது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அன்னையின் துணைவரான புனித சூசையப்பரே அதன் தலைவர். அவருக்கு முனிவர் இட்ட தமிழ்ப் பெயர் வளன் என்பதாகும். ஜோசப் என்னும் எபிரேயச் சொல் பெருகுதலைக் குறிப்பது. வளன் என்பதும் அப்பொருளையே தருவது. ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்தார் முனிவர்.

இக்காப்பியத்திற்கு மூலமாக அமைந்தது எது தெரியுமா? ஸ்பெயின் நாட்டில் ஆகிரேடா என்னும் ஊரில் 1602 முதல் 1665 வரை வாழ்ந்த மரியா என்னும் கன்னியர் மடத்து அன்னை, தாம் கண்ட காட்சிகளை எழுதி வைத்தார். அந்நூலே முனிவருக்கு வழிகாட்டியது. அடைபட்ட மடத்துக்குள் வாழ்ந்த ஒரு கன்னியின் எழுத்து, அவர் காணாத ஒரு நாட்டில், அவர் கேளாத ஒரு மொழியில், பெருங்காப்பியமாக மாறியது! பெண்கள் எழுதியது எங்கே போய்ச் சேரும் என்பதை யார் அறிவார்?

தேம்பாவணியில் வரும் யூத நாடு, நெல் வயலும் தாமரைக் குளமும் கொண்ட நாடாகவே நம் கண்முன் தோன்றுகிறது. கம்பரிடமும் திருத்தக்கதேவரிடமும் கற்ற கை அல்லவா! தாயை இழந்து கருணையன் புலம்பும் பகுதியைப் பத்தாம் வகுப்புத் தமிழில் நாம் படித்தோம். அதைப் படிக்கும்போது, எழுதியவர் வேற்றுநாட்டவர் என்ற எண்ணம் வருவதே இல்லை. தாயைப் பிரிந்து கடல் கடந்து வந்த ஒருவர், தாயற்ற மகனின் துயரத்தை எழுதியிருக்கிறார்.

தமிழுக்குத் தந்தவை

அக்காலத்தில் தமிழை ஓலையில் எழுதினர். குறில் எகர ஒகரங்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். அதனால் எரி என்பதும் ஏரி என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும்! வீராணம் ஏரியின் கரையில் வாழும் நமக்கு இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? நெடிலுக்குத் தனி வடிவம் வேண்டும் என்று கண்டு, ஏ, ஓ ஆகியவற்றையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் வேறுபடுத்திக் காட்டிய சீர்திருத்தம் வீரமாமுனிவருடையது என்று போற்றப்படுகிறது. நாம் ஒவ்வொரு நாளும் எழுதும் எழுத்தில் அவர் கை இருக்கிறது.

அடுத்தது சதுரகராதி. 1732இல் தொகுக்கப்பட்டது. அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். ஐரோப்பிய அகராதிகளின் முறையைப் பின்பற்றி, முனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைத்தார். ஆசிரியர் இல்லாதவரும் தாமே தேடிப் பொருள் அறிய வழி பிறந்தது. அதனாலேயே தமிழ் அகராதியின் தந்தை என்று அவர் அழைக்கப்படுகிறார்.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் விளக்கும் தொன்னூல் விளக்கத்தை 1730இல் இயற்றினார். சிறுவர் முதல் முதியவர் வரை சிரிக்கும் பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரை அறியாதார் யார்? எளிய உரைநடையில் கதை சொல்ல முடியும் என்பதை அந்நூல் காட்டியது.

தமிழிலிருந்து கொண்டு சென்றவை

வெளிநாட்டார் நமக்குச் செய்ததை மட்டும் எழுதுவது பாதி வரலாறே. முனிவர் தமிழை ஐரோப்பாவுக்கும் கொண்டு சென்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். துறவியாதலின் இன்பத்துப்பாலை விட்டுவிட்டார் என்பர். அன்று ஐரோப்பாவின் கற்றோர் எல்லாருக்கும் பொதுமொழி லத்தீன். தமிழருக்கு அறம் உண்டு, அரசியல் உண்டு, இலக்கணம் உண்டு என்பதை அவர்களுடைய மொழியிலேயே அவர்களுக்கு எடுத்துரைத்தார். 1886இல் ஜி. யு. போப் தம் ஆங்கிலத் திருக்குறளை வெளியிட்டபோது, முனிவரின் லத்தீன் மொழிபெயர்ப்பையும் அதனோடு சேர்த்துப் பதிப்பித்தார்.

செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் எழுதினார். தமிழ்–லத்தீன் அகராதி, போர்த்துகீசியம்–தமிழ்–லத்தீன் அகராதி ஆகியவற்றையும் தொகுத்தார். பரமார்த்த குருவின் கதை 1822இல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சாயிற்று. நம் மட்டியும் மடையனும் தேம்ஸ் நதிக்கரையில் சிரிப்பு மூட்டினர்!

மாற்றாரும் மதித்த நூல்

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் இருக்க முடியாது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1713 முதல் அங்கே தமிழ் அச்சகம் இயங்கியது. கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் அக்காலத்தில் கடும் வாதம் நடந்தது. நம் முனிவரும் அவர்களை மறுத்து நூல்கள் எழுதினார். அவற்றின் சொற்களில் சூடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1738இல் என்ன நடந்தது? பேச்சுத் தமிழுக்கு முனிவர் எழுதிய லத்தீன் இலக்கணத்தைத் தரங்கம்பாடி அச்சகமே அச்சிட்டது! எதிர்த்து வாதாடியவரின் நூலைத் தம் கையால் எழுத்துக் கோத்து அச்சடித்தனர். தமிழைக் கற்க அதைவிட நல்ல நூல் அவர்களிடம் இல்லை. கோட்பாட்டில் பிரிந்து நின்றவர்களைத் தமிழ் ஒரு மேசையில் உட்கார வைத்தது. கருத்து வேறுபட்டாலும் கற்றவரின் உழைப்பை மதிக்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

இறுதிக் காலமும் பின்னைய வரலாறும்

முதுமையில் முனிவர் தென்கடற்கரைப் பகுதியிலும், பின்னர்க் கேரளத்தின் அம்பழக்காட்டிலும் தங்கினார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். புனித அருளானந்தரின் திருநாளாக நாம் கொண்டாடுவதும் அதே பிப்ரவரி 4 ஆகும். எவருடைய மறைசாட்சியம் அவருடைய இளமையில் பேசப்பட்டதோ, அவருடைய நாளிலேயே அவரும் சென்றார்.

அம்பழக்காட்டுக்கும் தமிழ் அகராதிக்கும் பழைய தொடர்பு உண்டு. முனிவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1679இல், புரோயென்சா அடிகள் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி அவ்வூரில்தான் அச்சாயிற்று. காலப்போக்கில் அந்நூல் இந்நாட்டில் மறைந்துபோயிற்று. அருள்தந்தை தனிநாயகம் அடிகள் அதனை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். கேரளத்தில் அச்சான நூல் ரோமில் காக்கப்பட்டு, ஈழத்தில் பிறந்த ஒருவரால் மலேசியாவில் மீண்டும் உயிர் பெற்றது. தமிழ் எத்தனை நாடுகளில் காவல் காக்கப்பட்டிருக்கிறது!

முனிவரின் நூல்களுக்கும் அத்தகைய ஆபத்து வந்தது. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. சுவடிகள் ஊர் ஊராகச் சிதறின. சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரையின் வேண்டுகோளின்படி, புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை அச்சுவடிகளைத் தேடி அலைந்தார். 1822இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். சதுரகராதி 1824இல் சென்னையில் அச்சேறியது. ஓலைகளைப் பேணி வைத்த பெயர் தெரியாத குடும்பங்கள் இல்லாவிட்டால் முத்துசாமிப் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

முடிவுரை

தொலைதூரத்து மக்கள் உறவாவது எப்போது என்று முதலில் கேட்டோம். வீரமாமுனிவரின் வாழ்க்கை தரும் விடை இதுதான்: வந்தவர் மாணவராக அமரும்போது, கொடுக்கும் கை வாங்கவும் தெரிந்துகொள்ளும்போது. அவர் அகராதி முறையைத் தந்தார், திருக்குறளை வாங்கிக்கொண்டார். மறையைக் கொண்டு வந்தார். அதற்குத் தமிழ்ச் சேலை உடுத்தினார். கப்பல் அவரை ஆறு மாதத்தில் இக்கரையில் இறக்கிவிட்டது. ஆனால் அவர் தமிழகத்துக்கு வந்து சேரப் பல்லாண்டு பாடம் கேட்க வேண்டியிருந்தது.

இன்று நம் ஊர்ப் பக்கங்களில் வடமாநிலத்துத் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். கட்டடம் கட்டுகின்றனர்; உணவகங்களில் பரிமாறுகின்றனர். ஒடிசாவும் பீகாரும் இத்தாலியைப் போல் தொலைவு அன்று. ஆயினும் அவர்களுள் ஒருவருடைய பெயரையாவது, ஊரையாவது நாம் கேட்டிருக்கிறோமா? அவர்களுடைய மொழியில் தண்ணீருக்கு என்ன சொல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுடைய வீட்டிலும் ஒரு தாய் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருப்பாள் அல்லவா, துபாய் அழைப்புக்காக நம் அன்னையர் காத்திருப்பதைப் போல!

நாளை நம்முள் சிலர் செவிலியராகவும் ஆசிரியையராகவும் துறவியராகவும் அயல்நாடு செல்லக்கூடும். எங்குச் சென்றாலும் அம்மக்களின் மொழியைக் கற்போம். நம் தமிழையும் அவர்களுக்கு எடுத்துச் செல்வோம். நம்மை நாடி வந்தவர்களிடம் முதலில் அவர்கள் பெயரைக் கேட்போம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் காலடி வைத்த அயலவர் ஒருவரை ஒரு தமிழ்ப் புலவர் அமர வைத்துப் பாடம் சொன்னார். அதனால்தான் நமக்கு ஒரு வீரமாமுனிவர் கிடைத்தார்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க தமிழ்!